முற்றத்தில் நின்ற பத்மினி

மும்பை மாதுங்காவில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் பின்முற்றத்தில், மதிலை ஒட்டி, பிரீமியர் பத்மினி கார் ஒன்று பத்து ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கரங்களிலும் காற்று இல்லை. கூரைமேல் அரசிலைகள் மக்கிக் கிடக்கின்றன. முன்கதவின் அடிப்பாகத்தில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. விரல் வைத்தால் செங்கல் நிறத் தூள் உதிர்கிறது. தீபாவளி முடிந்த கையோடு குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பும் வந்துவிட்டது. அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் வண்டி ஓட வேண்டும். இல்லையேல் அதை அகற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டில் காயலான் கடைக்காரர் என்றும் மும்பையில் கபாடிவாலா என்றும் அழைக்கப்படும் பழைய இரும்பு வணிகர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் காரைக் காராகப் பார்க்கவில்லை. எத்தனை கிலோ தேறும் என்றே பார்த்தார்.

வீட்டுத் தாத்தாவுக்கு அது அப்படியன்று. அந்தக் காலத்தில் பணம் இருந்தால் மட்டும் கார் வாங்கிவிட முடியாது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து வாங்கிய வண்டி அது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பிறந்த மகனோடு வீடு திரும்பியதும் அதிலேதான். அந்த மகன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தந்தை. வண்டியை மீட்கலாமா, எடைக்குப் போடலாமா என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

முடிவு செய்யுமுன், இது எத்தகைய வண்டி என்பதை அறிந்துகொள்வது நல்லது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்து 1100 வகைக் காரை, உரிமம் பெற்று இந்தியாவில் செய்தது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம். தொழிற்சாலை மும்பையின் குர்லாவில் இருந்தது. 1970களில் இக்காருக்குச் சித்தூர் அரசி பத்மினியின் பெயர் சூட்டப்பட்டது. நான்கு சிலிண்டர்களும் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட சிறிய எஞ்சின். பழைய வண்டிகளில் ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்த கியர்க்கோல். இவையே அதன் அடையாளங்கள். கறுப்பும் மஞ்சளும் பூசிய மும்பை டாக்சியாக இதை அறியாதவர் அரிது. அந்த டாக்சிகளின் காலம் 2023 அக்டோபர் இறுதியோடு முடிந்தது. இருபது ஆண்டு வயது வரம்பு அவற்றைத் தெருவிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல இப்படி முற்றங்களில் நிற்பவையே.

இனித் துருவைப் பார்ப்போம். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும் இடத்தில் துரு பிறக்கிறது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது பிறப்பதில்லை. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. செம்பின்மேல் படரும் பச்சைப் படலம் உள்ளிருக்கும் செம்பை ஓரளவு காக்கும். துரு அவ்வாறு காப்பதில்லை. அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி, செதில் செதிலாக உரிந்து விழும். உரிந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் துருப்பிடிக்கும். வண்ணத்தின் மேலே கொப்புளம் தெரிகிறது என்றால், அடியில் துரு நெடுநாளாக வாழ்கிறது என்று பொருள்.

இரும்பு எல்லாவிடத்தும் இப்படித்தான் அழியும் என்று எண்ணிவிடவும் கூடாது. தில்லியில் வாழும் மாணவர் பலர் மெஹ்ரோலியில் குதுப் மினாருக்கு அருகே உள்ள இரும்புத் தூணைக் கண்டிருப்பர். ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகள் பழமையானது. வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாக அழியவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ரா. பாலசுப்ரமணியம் இதனை ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். அக்காலக் கொல்லர்கள் கரியை இட்டு உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கியிருந்தது. அதன் விளைவாகத் தூணின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாயிற்று. காரின் தகடு அத்தகைய இரும்பு அன்று. பாஸ்பரஸ் குறைந்த, எளிதில் வளையக்கூடிய எஃகு அது. ஆயினும் தூணின் பாடம் பட்டறையில் பயன்படுகிறது. துருவை நீக்கக் கடைகளில் விற்கும் நீர்மங்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலமே உள்ளது. அது துருவோடு வினைபுரிந்து, இரும்புப் பாஸ்பேட் என்னும் கருநிறப் படலமாக மாற்றுகிறது.

மீட்கத் தக்க வண்டியா என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. துணி சுற்றிய காந்தம், மழுங்கிய திருப்புளி, டார்ச் விளக்கு ஆகியவை போதும். காந்தத்தைக் காரின் உடலெங்கும் நகர்த்திச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் அது பிடிப்பை இழந்தால், அங்கே இரும்பு இல்லை. யாரோ முன்பு பட்டி பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். பட்டி என்பது பள்ளங்களை நிரப்பும் பசை. பட்டறைகளில் ‘பட்டி பார்த்தல்’ என்று வழங்கும் இச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது; ஆடுமாடு அடைக்கும் தமிழ்ப் பட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடுத்து, திருப்புளியின் பிடியால் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போன்றதே இது. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். துருத் தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயம் வந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்தினால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

துரு தனக்கென்று விரும்பித் தங்கும் இடங்கள் உண்டு. கதவின் உட்புறம் அவற்றுள் முதன்மையானது. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். இலையும் தூசியும் அவற்றை அடைத்தால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். மிதியடி விரிப்பின் அடியில் உள்ள தளம், பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழி, முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரின் ஓரம், அமிலம் சிந்திய பாட்டரித் தட்டு ஆகியனவும் அத்தகையவை. மாதுங்காவின் பேத்தி விரிப்பைத் தூக்கியபொழுது, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே தளத்தின் வழியாக முற்றத்துச் சிமெண்டுத் தரை தெரிந்தது. தாத்தா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

தளத்தில் உள்ள ஓட்டை கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றினாலும், அதைவிட அஞ்சத் தக்கது வேறொன்று. லாரியிலும் ஜீப்பிலும் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் ஒன்று கீழே இருக்கும்; உடல் அதன்மேல் வைக்கப்பட்டிருக்கும். பத்மினிக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. முட்டை ஓடுபோல, மெல்லிய தகடுகளால் ஆன உடலே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. அவ்வுடலுக்கு முதுகெலும்பாக இருப்பது, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இருபுறமும் ஓடும் பெட்டி வடிவப் பகுதி. பட்டறையில் இதனைச் ‘சில்’ என்பர். இதன் உள்ளே காற்றோட்டம் குறைவு. நுழைந்த ஈரம் எளிதில் வெளியேறாது. வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே முழுதும் தூளாகிப்போன சில் உண்டு. அத்தகைய வண்டி வேகமாகச் சென்று எதிலேனும் மோதினால், உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய உடல் மடிந்துபோகும். ஓட்டையின்மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்து விற்பது சந்தையில் நடக்கும் செயலே. அதைச் சிக்கனம் என்று சிலர் சொல்வர். பிறர் உயிரோடு விளையாடுவது என்பதே சரியான சொல்.

முதல்நாள் ஆய்வில் மாதுங்கா வண்டியின் இடப்புறச் சில் உறுதியாக இருந்தது. வலப்புறத்தில் முழங்கை நீளத்துக்குத் திருப்புளி உள்ளே போயிற்று. இருபுறமும் போயிருந்தால் கபாடிவாலாவே வென்றிருப்பார். அதிலும் தவறில்லை. மீளாத ஒரு வண்டியின் கதவும் கண்ணாடியும் வேறொரு பத்மினியைப் பிழைக்க வைக்கும். இங்கே ஒருபுறம் நன்றாக இருந்ததால் வேலையைத் தொடங்க முடிவாயிற்று.

பிரிக்கும் வேலை பொறுமையைக் கேட்பது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய திருகாணிகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, எந்த இடத்தவை என்று எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பேத்தி உறைகளின்மேல் தமிழில் எழுதினாள். ‘வலது பின்கதவு, கீழ்க்கீல், மூன்று’ என்பது போல. இறுகிப்போன திருகாணியை வலிந்து திருகினால் தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் இறுக்கும் பக்கம் சற்றும் தளர்த்தும் பக்கம் சற்றுமாக அசைத்தால் பெரும்பாலும் இறங்கிவரும்.

காருக்கு அடியில் செல்வதற்கு ஒரு விதி உண்டு. இதற்கு விலக்கே கிடையாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. கெட்டியான தரையில், உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். செங்கல் அடுக்கி நிறுத்துவது கூடவே கூடாது. சுமை ஏறினால் செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து நீக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் தடுப்பும் அணிய வேண்டும். தேய்த்த பின் குழிகளில் எஞ்சும் துருவுக்கு முன்சொன்ன அமில நீர்மம் பயன்படும். கீல், கொண்டி போன்ற சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு முறை மிக ஏற்றது; பள்ளி ஆய்வகத்தில் கற்பதை வீட்டில் காணும் வாய்ப்பும் அதுவே. பிளாஸ்டிக் வாளி நீரில் சில தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை மின்னேற்றியின் எதிர்முனையோடும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நீரில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து கருஞ்சேறாகிவிடும். சோடாவுக்கு மாற்றாகச் சமையல் உப்பை இடக்கூடாது. நச்சு வாயுவான குளோரின் எழும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டவும் கூடாது. அதிலுள்ள குரோமியம் நீரை நஞ்சாக்கும். ஹைட்ரஜன் வாயு குமிழியிடுவதால், தீப்பொறி அருகே வராமல், திறந்த வெளியில், பெரியவர் முன்னிலையில் செய்ய வேண்டிய வேலை இது. தொங்கவிட்ட பாகத்தைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு நீர்மம் எதுவும் உதவாது. கெட்ட தகட்டை, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிய வேண்டும். வெட்டிய இடத்துக்கு அட்டையில் மாதிரி எடுத்து, அதே தடிமனுள்ள புதுத் தகட்டை அம்மாதிரிக்கு வெட்டிப் பற்றவைக்க வேண்டும். இது டிங்கர் எனப்படும் தகட்டு வேலைக்காரரின் கலை. தேர்ந்த டிங்கர் ஒரே இழுப்பில் பற்றவைப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு அவ்வெப்பத்தில் அப்பளம்போல் நெளிந்துவிடும் என்பதை அவர் அறிவார். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, இடையே ஆறவிடுதல் என்று தையல் போடுவதுபோல் செல்வார். சில்லை வெட்டும்பொழுது இன்னும் விழிப்பு வேண்டும். முதுகெலும்பின் ஒரு துண்டை எடுத்தால் உடல் நடுவே தொய்யக்கூடும். அதனால் கதவு இருந்த வெளியில் குறுக்குக் கம்பிகளை முட்டுக் கொடுத்துவிட்டே வெட்டுவர். புதுத் தகடு அமைந்த பின் கதவைப் பொருத்தி, அது முன்போலவே சாத்துகிறதா என்றும் பார்ப்பர். கதவு உரசினால் பற்றவைத்ததைப் பிரித்து மீண்டும் செய்ய வேண்டும். பற்றவைக்குமுன் பாட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் வண்டியிலிருந்தே அகற்றி வைப்பது கட்டாயம். காலித் தொட்டிதானே என்று எண்ணக் கூடாது. அதில் தங்கிய ஆவி நிறைந்த தொட்டியைவிட எளிதில் வெடிக்கும்.

பழைய தகடுகளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தில்லியில் மாயாபுரி, சென்னையில் புதுப்பேட்டை என்று புகழ்பெற்ற சந்தைகள் உண்டு. மும்பையில் அத்தகைய கடைவரிசை குர்லாவில் இருக்கிறது. பத்மினி பிறந்த ஊரிலேயே அதன் எலும்புகளும் விற்கப்படுகின்றன. மாதுங்கா வண்டிக்கு வேண்டிய வலப்புறக் கதவும் அங்கேதான் கிடைத்தது, வெளிர்பச்சை நிறத்தில்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நெடுநாள் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதேனும் முறியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பதே முறை. பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதைக் கழுவ வேண்டும். ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்துவருகிறது. பழைய ரப்பரை அது அரிக்கும்.

பிரேக்கில் சிக்கனம் பார்ப்பதற்கு இடமே இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. ஆண்டுக்கணக்கில் நின்றால் உள்ளேயே துருவை உண்டாக்கும். ஆகவே குழாயும் ரப்பர்ப் பாகங்களும் எண்ணெயும் புதியனவாக வேண்டும். பழைய பிரேக் பட்டைகளின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை வாயால் ஊதவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. மூக்குத் தடுப்பணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வண்ணம் இறுதியில் வருவது. பலர் அதையே முதலில் எண்ணுகின்றனர். மீட்பு வேலைகள் பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். துரு நீங்கிய தகட்டைத் தாமதியாமல் பிரைமர் பூசி மூட வேண்டும். மும்பைக் காற்றில் வெறுந்தகடு ஓரிரவிலேயே மஞ்சள் பூக்கும். அதன்மேல் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, மீண்டும் பிரைமர், பிறகு வண்ணம். ஈரம் மிகுந்த நாளில் வண்ணம் அடித்தால் மேற்பரப்பு வெளுத்து மங்கும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை இதற்கு ஒதுக்குவது அறிவுடைமை. வெளிப்பூச்சைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்கே தெரிவதில்லை. கதவின் உள்ளும் சில்லின் உள்ளும் மெழுகு கலந்த காப்பு எண்ணெயைக் குழாய் வழியே பீய்ச்ச வேண்டும். அதைச் செய்யாத மீட்பு சில மழைக்காலங்களுக்கே தாங்கும்.

ஓட்டத் தயாரான வண்டிக்குச் சட்டத்தின் இசைவும் வேண்டும். தனியார் காரின் பதிவு பொதுவாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது. அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தில்லியில் நிலைமை வேறு. பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே நீதிமன்ற ஆணைகளால் தடைகள் விதிக்கப்பட்டன. ஐம்பது ஆண்டைக் கடந்த, தன் பழைய வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் நடுவண் அரசு தனி விதிகளை வகுத்தது. அவற்றின் எண்பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் போக்குவரத்துக்கு அவற்றைப் பயன்படுத்த இயலாது. தாத்தாவின் வண்டி 1981ஆம் ஆண்டினது. அது வழக்கமான சோதனையிலேயே தேற வேண்டும்.

மே மாதத்தின் மூன்றாம் கிழமை அது தேறியது. பழைய வெள்ளை வண்ணம்தான் மீண்டும் பூசப்பட்டது. குர்லாவிலிருந்து வந்த கதவின் உட்புறத்தை மட்டும் வெளிர்பச்சையாகவே விட்டுவிடும்படி பேத்தி கேட்டுக்கொண்டாள். பின்மட்கார்டில் இருந்த ஒரு நெளிவைத் தட்டி நேராக்கத் தாத்தா இசையவில்லை. பாட்டி வண்டி ஓட்டக் கற்ற நாளில் மதிலில் இடித்த இடம் அது.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. முதல் பெருமழை ஓய்ந்ததும் பேத்தி டார்ச் விளக்கோடு இறங்கி, கதவடித் துளைகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தாள். பிறகு விரிப்பைத் தூக்கித் தளத்தில் உள்ளங்கையை வைத்தாள். இடப்புறம் உலர்ந்திருந்தது. வலப்புறத்தில், முன்கண்ணாடி ரப்பருக்கு நேர்கீழே, விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. அவள் மேலே போய்த் தாத்தாவை அழைத்து வந்தாள்.